பொருந்தாத தோட்டா: ராஸ் துப்பாக்கி குறித்துச் சில குறிப்புகள்

1

துப்பாக்கியைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். துப்பாக்கியை நான் கையால் தொட்டதில்லை. அதற்கு எதிரில் நின்றிருக்கிறேன். ஊர்வலங்களில், மறியல்களில், போலீஸ் வேன்களுக்கு முன்னால். நம்மூரில் அதற்குப் பெயர் 'த்ரீ நாட் த்ரீ'. அங்குலத்தில் 0.303 என்ற குழல் அளவுதான் அந்தப் பெயர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அடி வாங்குகிறவனுக்கு ஆயுதத்தின் அளவு எதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அளவு என்ற விஷயம் எனக்கு வேறொரு இடத்தில் பாடமானது. பதினெட்டு வயதில் ஒரு லேத் பட்டறையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். நாங்கள் ஷாஃப்ட் கடைந்து கொடுப்போம். அது உட்காரவேண்டிய புஷ்ஷை வேறொரு பட்டறை கடையும். ஒருமுறை ஒரு லாட் முழுக்க ஷாஃப்ட் உள்ளே போக மறுத்தது. எங்கள் கேஜில் வைத்துப் பார்த்தால் ஷாஃப்ட் சரி. அவர்கள் கேஜில் பார்த்தால் புஷ்ஷும் சரி. தனித்தனியே இரண்டும் சரி, சேர்த்தால் தப்பு. முதலாளிகள் இரண்டு பேரும் போனில் கத்திக்கொண்டார்கள்; அப்புறம் சமாதானமாகிவிட்டார்கள். மெஷினில் நின்ற எங்கள் மூன்று பேருக்கு அந்த வாரக் கூலியில் பிடித்தம். 'பசங்க கவனமில்லாம ஓட்டிட்டாங்க' என்பதோடு கணக்கு முடிந்தது.

கனடாவின் ராஸ் துப்பாக்கியின் வரலாற்றைப் படித்தபோது அந்த வாரக் கூலி நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தின் மிகத் துல்லியமான ராணுவத் துப்பாக்கிகளில் ஒன்று, 1915இல் பெல்ஜியத்துச் சேற்றில் தன் தோட்டாவோடு பொருந்தாமல் போன கதை அது. பொருந்தாமை யார் குற்றம் என்ற கேள்வி அந்த வரலாறு நெடுகிலும் ஓடுகிறது. அந்தக் கேள்வி எப்படியெல்லாம் கேட்கப்பட்டது, யார் தலையில் கொண்டுபோய் வைக்கப்பட்டது என்பதே இங்கு என் அக்கறை.

2

போயர் யுத்தத்தின்போது (1899-1902) கனடா தன் துருப்புகளுக்காகக் கேட்ட லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளைப் பிரிட்டனால் கொடுக்க முடியவில்லை. கனடாவிலேயே தொழிற்சாலை தொடங்குங்கள் என்று கேட்டபோது பிரிட்டிஷ் ஆயுத உற்பத்தியாளர்கள் ஆர்வம் காட்டவில்லை. பேரரசுக்கு ஆள் அனுப்பலாம், ஆயுதம் செய்யக்கூடாது என்ற நிலை. இந்த இடைவெளியில்தான் சர் சார்லஸ் ராஸ் வந்து சேர்கிறார். ஸ்காட்லாந்தின் பெருநிலப் பிரபு, பரம்பரைப் பட்டம் உடையவர், துப்பாக்கி வடிவமைப்பில் தீராத மோகம் கொண்டவர். என் சொந்தப் பணத்தில் தொழிற்சாலை கட்டுகிறேன், ஆர்டர் மட்டும் கொடுங்கள் என்றார். லோரியே அரசாங்கம் 1902இல் ஒப்பந்தம் போட்டது: முதலில் 12,000 துப்பாக்கிகள், அதற்கப்புறம் வருஷத்துக்கு 10,000.

தொழிற்சாலை எழுந்த இடம் க்யூபெக் நகரின் ஆபிரகாம் சமவெளி. 1759இல் பிரெஞ்சுப் படையைப் பிரிட்டன் தோற்கடித்த அதே மைதானம். பிரெஞ்சு மொழி பேசும் மக்களின் தோல்விக்கு அடையாளமான மண்ணில், ஒரு ஸ்காட்லாந்துப் பிரபுவின் ஆலையில், 'நமது துப்பாக்கி' பிறந்தது. இதைச் சுதேசி என்று சொல்லலாமா? சொன்னார்கள். ராஸ் துப்பாக்கியைக் குறை சொல்வது கனடாவைக் குறை சொல்வதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

அதை அப்படி ஆக்கியதில் பெரும்பங்கு சாம் ஹ்யூஸுக்கு உண்டு. ஆரம்பத்தில் ராஸைச் சோதித்துப் பார்த்த குழுவில் இருந்தவர். அந்தச் சோதனையிலேயே துப்பாக்கி சிக்கத்தான் செய்தது; இருந்தும் பரிந்துரை போனது. 1911இல் ஹ்யூஸ் ராணுவ அமைச்சரானார். அதே 1911இலும் மறுபடி 1913இலும் இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் நடந்த போட்டியில் கனடியர்கள் மன்னர் பரிசை வென்றார்கள். அப்போது ராஸ் துப்பாக்கி பிஸ்லியில் பெயர் வாங்கியிருந்தது. காய்ந்த புல்தரை, துடைத்து வைத்த தோட்டா, நேரம் எடுத்துக்கொண்டு குறிபார்க்கும் மனிதன். அங்கே ராஸுக்கு நிகர் அபூர்வம். போட்டி மைதானம் கொடுத்த சான்றிதழோடு அது யுத்தத்துக்குப் போயிற்று.

3

இந்த இடத்தில் கொஞ்சம் இயந்திர விஷயம் பேசியாக வேண்டும். அழகியல் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அரசியல் பேசுகிறவர்களும்தான்.

குழலின் பின்முனையில் தோட்டா உட்காருகிற குழிக்குச் சேம்பர் என்று பெயர். அது தோட்டாவைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கவேண்டும். வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்னால் கசிந்து சுடுகிறவன் முகத்தில் அடிக்காமல் காப்பது இந்த ஒட்டுதல்தான். அழுத்தம் தணிந்ததும் பித்தளை லேசாகச் சுருங்குகிறது. அப்போதுதான் போல்ட்டை இழுத்து காலிக் கூட்டை உருவி எறிய முடியும். விரிவுக்கும் சுருக்கத்துக்கும் நடுவே உள்ள அந்த மயிரிழை இடைவெளியில்தான் துப்பாக்கியின் சீவனே இருக்கிறது. இடைவெளி குறைந்தால் தோட்டா குழலின் அச்சோடு நேராக உட்காரும், துல்லியம் கூடும். ரொம்பக் குறைந்தால், சற்றே பருத்த தோட்டாவோ சற்றே மண் ஒட்டிய தோட்டாவோ உள்ளே போக மறுக்கும். போனாலும் வெளியே வர மறுக்கும்.

ராஸின் சேம்பர் இறுக்கமாகக் குடையப்பட்டது. கனடாவில் தயாரான .303 தோட்டாக்கள் அதில் நன்றாக உட்கார்ந்தன. பிரிட்டனின் .303 தோட்டாக்களுக்கும் பெயரும் வரைபடமும் அதேதான். ஆனால் யுத்தம் தொடங்கியதும் உற்பத்தி பன்மடங்கு பெருகி, அவசரத்தில் அளவுகள் தளர்ந்தன. லீ-என்ஃபீல்டின் சேம்பர் தாராளமானது. வந்ததை எல்லாம் விழுங்கியது. ராஸ் விழுங்க மறுத்தது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. லீ-என்ஃபீல்டில் போல்ட் பிடியை முதலில் மேலே திருப்பவேண்டும். அந்தத் திருப்பலே நெம்புகோல் போல வேலை செய்து, ஒட்டிக்கொண்ட கூட்டை மெதுவாக, பலமாக இளக்கிவிடும். ராஸில் திருப்பும் வேலை கிடையாது. நேராகப் பின்னுக்கு இழுத்தால் போதும். காகிதத்தில் இது வேகம். ஆனால் கூடு ஒட்டிக்கொண்டால் இளக்கிக் கொடுக்க அந்த அளவு நெம்பு அதில் இல்லை, கை பலம்தான்.

மூன்றாவதாக ஒன்று பின்னால் தெரியவந்தது. ராஸின் 1910ஆம் ஆண்டு மாதிரியில், போல்ட்டின் தலையைப் பூட்டுகிற பற்கள் திருகுமரை போலச் செதுக்கப்பட்டவை. போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும்போது அது கழன்று வந்துவிடாமல் ஒரு சின்னத் தடுப்பு நிறுத்துகிறது. தடுப்பு சிறியது, அது இடிப்பது அந்தப் பற்களில் ஒன்றின் முனையில். ஓங்கி இழுக்க இழுக்க பல்லின் முனை நசுங்கும். நசுங்கிய பல் அடுத்த தடவை பூட்டுக்குள் சரியாகப் போகாது, வராது. ஆகவே இன்னும் ஓங்கி இழுக்கவேண்டும். சிக்கியதைத் திறக்கச் செலுத்திய பலமே அடுத்த சிக்கலைத் தயாரித்தது. இயந்திரங்களில் மட்டும் நடக்கிற காரியமல்ல இது என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

4

1915 ஏப்ரல் 22, பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்கு வடக்கே, ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. பச்சையும் மஞ்சளுமாகத் தரையோடு ஊர்ந்து வந்த மேகம் முதலில் விழுந்தது பிரெஞ்சுத் தரப்பில் நின்ற அல்ஜீரியத் துருப்புகள் மீதும், பிரான்சின் வயது கூடிய பிராந்தியப் படைவீரர்கள் மீதும். மூச்சுமுட்டிச் செத்தவர்கள் போக எஞ்சியவர்கள் பின்வாங்கினார்கள். பல பிரிட்டிஷ் நூல்கள் 'காலனியத் துருப்புகள் ஓடின' என்று ஒரு வரியில் அதைக் கடந்துவிட்டன. எந்த முகமூடியும் கொடுக்கப்படாத மனிதன் விஷவாயுவிலிருந்து ஓடுவதற்குக் கோழைத்தனம் என்று பெயர் வைக்கிற மொழி எங்கே உற்பத்தியாகிறது என்பது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

அந்தத் திறந்த பக்கத்தை மறிக்க ஓடியவர்கள் கனடாவின் முதல் டிவிஷன். ஏப்ரல் 24 அன்று வாயு நேராக அவர்கள் மீதே வந்தது. மூத்திரத்தில் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றார்கள். கையில் ராஸ். பிரிட்டிஷ் காலாட்படைக்கு நிமிடத்துக்குப் பதினைந்து குறிபார்த்த சூடு என்பது பயிற்சிக் கணக்கு. வேகமாகச் சுட்டதும் குழல் சூடேறியது, சேம்பர் அழுக்கேறியது, பருத்த தோட்டா ஒட்டிக்கொண்டது. போல்ட் பிடியைப் பூட்ஸ் காலால் உதைத்தார்கள். குழி வெட்டும் கருவியின் கட்டையால் அடித்தார்கள். ஒரு தோட்டாவை வெளியேற்றத் துப்பாக்கியைத் தரையில் நிறுத்தி மிதித்த மனிதர்களைப் பற்றிய சாட்சியங்கள் உண்டு. இவ்வளவும் வாயு மேகத்துக்குள், எதிராளி நடந்து வந்துகொண்டிருக்கும்போது.

'ஒழுங்கும் தண்டனையும்' (1975) நூலில் ஃபூக்கோ, 1766ஆம் ஆண்டின் பிரெஞ்சு ராணுவ விதிகளை எடுத்துக்கொண்டு, துப்பாக்கியை உயர்த்துவதும் தாழ்த்துவதும் எப்படிச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பகுக்கப்பட்டன, உடலும் ஆயுதமும் எப்படி ஒரே உறுப்பாகத் தைக்கப்பட்டன என்று காட்டுகிறார். அந்தப் பகுப்பாய்வு தையல் பிரியாத தருணத்தைப் பற்றியது. ஈப்ரில் தையல் பிரிந்தது. விரல் தன் வேலையைச் செய்தது, தோள் தன் வேலையைச் செய்தது, இயந்திரம் செய்யவில்லை. அப்போது கட்டளை எங்கே போகிறது? உடலுக்குள்தான் திரும்பி வருகிறது. இயந்திரத்தில் விட்டுப்போன ஆயிரத்தில் சில பங்கு அங்குலத்தை நிரப்பும்படி கேட்கப்பட்டது ஒரு மனிதனின் குதிகால்.

சில நாட்களில் அந்த டிவிஷன் இழந்தது, செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஆறாயிரம் பேரை. மீண்டு வந்தவர்களைக் கணக்கெடுத்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. ஐயாயிரம் பேரில் 1,452 பேரிடம் ராஸ் இல்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, செத்துக்கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

5

அப்புறம் தொடங்கியதுதான் விளக்கங்களின் யுத்தம். இது முதல் யுத்தத்தைவிட நீண்டது. மூன்று தரப்புகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

ராஸ், ஹ்யூஸ் தரப்பு: துப்பாக்கி சுத்தம், பிரிட்டிஷ் தோட்டா கேடு. இதில் உண்மை இருக்கிறது. அளவு தளர்ந்த தோட்டாக்கள் வந்தது நிஜம். ஆனால் பேரரசின் யுத்தத்துக்குத் தன் பிள்ளைகளை அனுப்பச் சம்மதித்த அதே கைதான், பேரரசின் தோட்டா போகாத சேம்பரையும் குடைந்தது. இரண்டும் ஒரே அமைச்சகம். சேம்பரில் தேசம், தோட்டாவில் பேரரசு, நடுவில் சிப்பாய்.

பிரிட்டிஷ் தளபதிகள் தரப்பு: தோட்டா போதுமானது, துப்பாக்கி கேடு. இதிலும் உண்மை இருக்கிறது. லீ-என்ஃபீல்டு அதே தோட்டாவைத் தின்றுகொண்டுதானே இருந்தது? ஆனால் தோட்டாவின் அளவு தளர்ந்ததற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை இந்த வாதம் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது.

மூன்றாவது தரப்பு ராஸின் ஆதரவாளர்கள் அவ்வப்போது எடுத்துக்கொண்ட சொல்: சிப்பாய்களுக்குப் பயிற்சி போதாது, சேறு படியவிட்டார்கள், பதறிப்போய் முரட்டுத்தனமாக இழுத்தார்கள். இதுதான் நான் தேடிக்கொண்டிருந்த சொல். 'பசங்க கவனமில்லாம ஓட்டிட்டாங்க.' துப்பாக்கி சரி, தோட்டா சரி என்று இரண்டு மேல்தரப்புகளும் சாதிக்கிறபோது, மிச்சமிருக்கிற ஒரே இடம் கீழேதான். பொருந்தாமை என்பது இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள உறவு. அதை ஒரு ஆளின் குணமாக மாற்றுவதுதான் அதிகாரத்தின் பழைய வித்தை.

காரியங்கள் இப்படி நகர்ந்தன. 1915 ஜூனில் சர் ஜான் ஃப்ரெஞ்ச் உத்தரவின்பேரில் முதல் டிவிஷனுக்கு லீ-என்ஃபீல்டு கொடுக்கப்பட்டது. கனடாவில் ராஸின் சேம்பரை ரீமர் விட்டுப் பெரிதாக்கினார்கள். பிரச்சினையை ஒப்புக்கொண்டது ரீமர், அமைச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. சேம்பர் பெரிதாக்கப்பட்ட ராஸோடு இரண்டாவது டிவிஷன் அந்த வருஷமே களத்துக்கு வந்தது. சிக்கல் குறைந்தது, தீரவில்லை. நசுங்கும் பல் அப்படியே இருந்ததே. கனடியப் படைத்தலைவர் ஆல்டர்சன், சிப்பாய்களுக்கு இந்தத் துப்பாக்கியில் நம்பிக்கை போய்விட்டது என்று 1916 தொடக்கத்தில் எழுதினார். ஹ்யூஸ் எழுதிய வசைமிகுந்த பதிலின் நகல்கள் ஆல்டர்சனுக்குக் கீழே வேலை பார்த்த அதிகாரிகளுக்கே போய்ச் சேர்ந்தன. ராஸ் விவகாரமும் சேந்த் எலுவா தோல்வியும் சேர்ந்து, 1916 மே மாதத்தில் ஆல்டர்சன் பதவி இழந்தார். துப்பாக்கியும் அந்த வருஷமே களத்திலிருந்து எடுக்கப்பட்டது, ஹ்யூஸும் நவம்பரில் வெளியேற்றப்பட்டார். ஆலையை 1917இல் அரசு கையகப்படுத்தியது. அதற்கு ராஸ் நஷ்டஈடு பெற்றார். அவர் 1942இல் பிரபுவாகவே இறந்தார்.

6

இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தை ஒரு தோழரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கேட்டார்: 'சுடாத துப்பாக்கி நல்ல துப்பாக்கிதானே, அதுக்குப் போய் ஏன் அழறீங்க?' நியாயமான கேள்வி. இதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் நானும் தளவாட நிபுணன் ஆகிவிடுவேன்.

லீ-என்ஃபீல்டைப் புகழ்வது என் நோக்கமல்ல. அதன் தாராளமான சேம்பருக்கு ஒரு அரசியல் இருக்கிறது. பல நாட்டுத் தொழிற்சாலைகள், பல தட்பவெப்பங்கள், பாலைவனம், சேறு, எல்லாவற்றிலும் சுட்டாகவேண்டிய பேரரசின் துப்பாக்கி அது. வங்காளத்தின் இச்சாபூரில் 1907 முதல் அதை உற்பத்தி செய்தார்கள். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் 1,650 சுற்றுகள் சுடப்பட்டதும், 379 பேர் செத்ததாக அரசாங்கக் கணக்கு சொன்னதும் இந்த .303 தோட்டாவால்தான். எதையும் விழுங்கும் சேம்பர் எவரையும் கொல்லும். உத்தரப் பிரதேசப் போலீஸ் அதற்கு விடைகொடுத்தது 2020இல்தான். ஊர்வலத்தில் என் எதிரே நின்ற 'த்ரீ நாட் த்ரீ'யின் வம்சாவளி இது. ஆகவே இறுக்கம் கெட்டது, இளக்கம் நல்லது என்று யாரும் எளிமைப்படுத்திவிட வேண்டாம்.

தோழருக்கு நான் சொல்லும் பதில் இது. ஈப்ரில் துப்பாக்கி சிக்கியபோது யுத்தம் நிற்கவில்லை. ஒரு பக்கத்துக் கூலி விவசாயி, மரம் வெட்டி, ஆலைத் தொழிலாளி மட்டும் நிராயுதபாணியானான். அவனை அங்கே அனுப்பியவர்களின் கையில் எதுவும் சிக்கவில்லை.

ராஸின் கதையில் இன்னொரு கிளை உண்டு. பொதுச் சிப்பாய்களிடமிருந்து பிடுங்கப்பட்ட பிறகும் மறைந்திருந்து சுடுகிறவர்களிடம் ராஸ் தொடர்ந்து இருந்தது. நாளைக்கு ஒன்றோ இரண்டோ சூடு, துடைத்துப் பார்த்துப் பொறுக்கிய தோட்டா, அவசரமில்லாத கை. பிஸ்லி மைதானத்தின் நிலைமைகளை அவர்கள் தமக்கென்று சேற்றுக்குள் உண்டாக்கிக்கொண்டார்கள். அவர்களில் பெயர்பெற்றவர் பிரான்சிஸ் பெகமகபோ, ஒஜிப்வே பழங்குடியினர். ஈப்ரிலிருந்தே களத்தில் நின்றவர். 378 பேரைச் சுட்டதாக அவர் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. ராணுவப் பதக்கத்தை மூன்று தடவை பெற்றார். ஊர் திரும்பி 1921இல் தன் மக்களின் தலைவரானார். ஆனால் அங்கே அவர் தலைக்குமேல் இருந்தவர் 'இந்தியன் ஏஜெண்ட்' என்ற அரசாங்க அதிகாரி. பழங்குடிகளின் நிலம், பணம், மனு எல்லாம் அந்த அதிகாரி வழியாகத்தான் நகரவேண்டும். அந்த அமைப்போடு மல்லுக்கட்டியே 1952இல் இறந்தார். துப்பாக்கியின் துல்லியத்துக்கு அவர் பொருந்தினார். அந்தத் துல்லியத்தைக் கொண்டாடிய தேசம் அவருக்குப் பொருந்தும்படி தன்னைக் குடைந்துகொள்ளவில்லை.

7

மறுபடி அந்த 1,452க்கு வருகிறேன். சிப்பாய்க்குச் சங்கம் கிடையாது, மனுக்கொடுக்கும் வழி கிடையாது. தளபதிக்குக் கடிதம் எழுத முடிந்தது, அமைச்சருக்கு அறிக்கைவிட முடிந்தது, ராஸுக்கு வழக்கறிஞர் வைக்க முடிந்தது. சிப்பாய் தன் விமர்சனத்தை எழுத ஒரு வழிதான் இருந்தது: கீழே போடுவது. அரசு கொடுத்த துப்பாக்கியைக் களத்தில் எறிவது ராணுவச் சட்டத்தில் சின்னக் குற்றமல்ல. அந்த எறிதலை எண்ணியவர்கள் ராணுவக் கணக்கர்கள்; அவர்களுக்கு அது தளவாட இழப்பு. நான் அதை ஒரு பிரதியாக வாசிக்கிறேன். பதினைந்து வருஷ அறிக்கைகள், பரிந்துரைகள், பரிசுகள் சொல்லாததை அது சொன்னது.

இந்த எண்ணுக்கு ஒரு எல்லையும் உண்டு. எறிந்தவர்களில் உயிரோடு திரும்பியவர்களின் எண் அது. எறிய நேரமில்லாமல், போல்ட்டின் மேல் குதிகாலை வைத்தபடியே செத்தவன் இதில் இல்லை. சாவுப் பட்டியலில் பெயர், எண், படைப்பிரிவு, தேதி இருக்கும். துப்பாக்கி திறந்ததா என்று கேட்கும் கட்டம் அதில் கிடையாது.

அந்த லேத் பட்டறையில் எங்கள் கூலியில் பிடித்த வாரத்தில், இரண்டு பட்டறைக் கேஜையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று எங்களில் மூத்தவர் ஒருவர் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. இன்றைக்கும் ஒரு விபத்துக்குப் பிறகு 'ஊழியரின் கவனக்குறைவு' என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது அவர் சொன்னதுதான்: இரண்டு கேஜையும் மேசைக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம் பேசலாம்.